கையில் வாங்கித் தின்னும் ரொட்டி

சேசு மரி சூசை

பெக்கான் நானாஸ், ஜொகூர்
1935 மே மாதம்

அன்பு மகன் அமலநாதனுக்கு உன் அப்பா கிரகோரி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் உன் தங்கை டொரத்தியும் உடல் பலத்தோடு இருக்கிறோம், நீயும் அந்த ஸான் பெத்ரோ துறைமுகத்தில் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். நம்பி என்று எழுதிவிட்டேனே தவிர, நீ சுகம் சுகம் என்று எழுதுவதை நான் முழுசாக நம்புவதில்லை, கப்பலிலிருந்து அனுமதியில்லாமல் இறங்கி அமெரிக்கப் போலீஸ்காரன் கண்ணில் படாமல் சாப்பாட்டுக் கடைப் பின்கட்டில் நிற்கிறவன் எப்படிச் சுகமாக இருப்பான். உன் போன கடிதம் பொந்தியான் தபாலாபீஸ் வழியாக வந்து சேர்ந்தபோது உறையின் ஓரம் ஒருதரம் பிரித்து மறுபடி ஒட்டினதுபோல் இருந்தது, யார் பிரித்தார்கள் எதற்குப் பிரித்தார்கள் என்று தெரியாது, அதனால் கடையின் பெயரையும் தெருவின் பெயரையும் இனி உள்ளே எழுதாதே. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மழை விட்ட பிறகும் விடவில்லை, ஈரத் தரையில் உட்காராதே என்றால் கேட்கிறாளா. அன்னாசி ஆலை வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது, டொரத்தி பழம் சீவப் போகிறாள், அந்தச் சாறு அவள் விரல் நுனிகளைத் தின்றுவிட்டது. நான் வழக்கம்போல் துரை பங்களாவில் சமையல்காரனாகக் குசினியில் வேகிறேன். நீ எழுதி அனுப்பின பன்றிக்கறி ரொட்டியைச் செய்து பார்த்தீர்களா என்று கேட்டிருந்தாய். செய்தோம். அதனால்தான் உன் தங்கையின் கல்யாணம் நின்றுபோனது, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி உனக்கு முன்னால் எழுதவில்லை, முடிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன், காரணம் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். பையன் பெயர் இன்னாசி, ஜொகூர் பாருவில் ஒரு மரக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான், அவன் அப்பா தோட்ட ஆபீசில் குமாஸ்தாக்களுக்குத் தலைவராக, பெரிய கிராணியாக இருந்து ஓய்ந்தவர், இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிற குடும்பம். நம் கோவில் உபதேசியார்தான் பேச்சைக் கொண்டுவந்தார். அவங்க புதுக் காலத்து ஆளுங்க, சாதி கீதி எதுவும் பாக்கிறதில்ல கிரகோரி, ஒம் பொண்ணுக்கு அதிர்ஷ்டம்லா என்றார். சாதி பார்க்காதவனைப் பற்றிப் பேசும்போது யாரும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லமாட்டார்கள், என் காதில் அது அப்போதே உறுத்தியது. அந்தப் பையன் டொரத்தியைக் கோவிலில் பார்த்திருக்கிறான், இவளும் பார்த்திருக்கிறாள், திருவிழாவில் இரண்டு வார்த்தை பேசியும் இருக்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் கிராணி வீட்டுக்காரர் குசினிக்காரன் வீட்டில் பெண் எடுக்க வருவதென்றால் பையனின் கண் ஒன்று மட்டும் போதாது, வேறு ஏதோ இருக்கவேண்டும். எங்கள் தோட்ட ஆபீசில் இரண்டாம் கிராணி வேலை காலியாக இருக்கிறது. துரை காலையில் முட்டை தின்னும்போது நான் பக்கத்தில் நிற்கிறவன், ஏதாவது கேட்பான், நான் ஏதாவது சொல்வேன், அது ஊருக்கே தெரியும்.

முதலில் அவர்கள் பாஸ்குக்கு முந்தின தபசு காலத்தில் வந்தார்கள். உன் அம்மா காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள், சீவின அன்னாசியும் வைத்தாள். பையனின் அம்மா, நாங்க ஒருசந்திங்க, பச்சத் தண்ணிகூட பல்லுல படாது, தப்பா நெனச்சுக்காதீங்க என்று சிரித்தாள். ஒருசந்தி உபவாசத்துக்குத் தண்ணீரும் தடை என்று எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, பக்தி அதிகம் போலும் என்று இருந்தேன், அவள் புருஷன் மடியிலிருந்து சொந்தச் சுருக்குப் பையை எடுத்து வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார், அவருக்கு மட்டும் ஒருசந்தி வாசலோடு நின்றுவிட்டது. போகும்போது அந்த அம்மா மூலையில் அடுக்கியிருந்த முழு அன்னாசிகளைப் பார்த்து, நல்லா பழுத்திருக்கே, ரெண்டு குடுங்களேன் என்று கேட்டு வாங்கிப் போனாள். முழுப் பழம் ஆகும், நம் கத்தி பட்ட பழம் ஆகாது. அவர்கள் போனபின் காப்பிக் கோப்பைகள் வைத்தது வைத்தபடி ஆடை படிந்து கிடந்தன. ஊரில் கோவிலுக்குள்ளேயே நமக்கு ஒரு பக்கம் அவர்களுக்கு ஒரு பக்கம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள், என் அப்பா அதை விட்டுத்தான் கப்பலேறினார், இங்கே கோவிலில் ஒரே பக்கமாக நிற்கிறோம் என்று நான் பெருமைப்பட்டது உண்டு. கோவிலுக்குள் வராத சுவர் கோப்பைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. என் பயமெல்லாம் ஒன்றுதான். பெண்ணை எடுப்பார்கள், பெண் ஆக்கின சோற்றை எடுப்பார்களா. எடுக்காவிட்டால் அந்த வீட்டு அடுப்படியில் அவளுக்கு எந்த இடம், கொல்லைப்புறமா. அதைத் தெரிந்துகொள்ளாமல் பெண்ணைக் கொடுக்கமாட்டேன் என்று தீர்மானித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் தாக்கோ, அந்தப் பன்றிக்கறி ரொட்டியின் செய்முறை, வந்தது. படித்ததும் நீ எங்களைக் கேலி செய்கிறாய் என்றே நினைத்தேன். காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போடு என்று எழுதியிருக்கிறாய், குசினியில் இத்தனை வருஷம் இருந்த எனக்குச் சுண்ணாம்பைச் சாப்பாட்டில் போட்டுப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவிடம், அதுதான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போகிறவள், உன்னைத் தூக்கி வளர்த்தவள், சுண்ணாம்பு கேட்டேன். எதுக்கு என்றாள், சொன்னேன். அலமாக், வெத்தலைக்குப் போடுறதச் சோத்துலயா போடுவாங்க, பெரியவரே ஒங்க மகன் ஒங்களக் கொன்னுட்டு வீட்ட எடுத்துக்கப் பாக்கிறான் என்றாள். இந்த வீட்டை எடுத்து என்ன செய்வான், கூரை எங்கே ஒழுகுகிறது என்று அவனுக்குத் தெரியுமே என்றேன். முதல் தடவை சுண்ணாம்பு அதிகமாகிவிட்டது, வாயெல்லாம் பொத்துப்போனதுபோல் ஆகி மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம், வெள்ளையம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, என்னா, சத்தமே இல்ல, போய்ச் சேந்தாச்சா என்று கேட்டாள். இரண்டாம் தடவை ஒரு புன்னைக்காய் அளவு மட்டும் கரைத்துத் தெளியவிட்டு அந்தத் தெளிவில் வேகவைத்தேன், ராத்திரி முழுக்க ஊறி, காலையில் கையால் தேய்த்தால் தோல் கழன்று வந்தது, நாலு தண்ணீரில் அலசி அம்மியில் அரைத்தால் மாவு பிசைந்த களிமண்போல் சேர்ந்துகொண்டது, வாசனையும் புதுசாக இருந்தது, மழை விழுந்த மண்ணும் வறுத்த சோளமும் கலந்த வாசனை. அப்போதுதான் நீ சொன்னது நிஜம் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் சுருக்கமாகச் செய்யலாம், சடுதியில் ஆகும் என்று எழுதியிருந்தாயே, அது யாருக்கு. மாவை ஒருவர் அரைத்துக் கையில் கொடுத்துவிட்டால் யாருக்கும் சடுதிதான். அங்கே உனக்கு மாவு அரைத்துக் கொடுப்பது யார் என்று அப்போதே ஒரு கேள்வி வந்தது, அதைக் கடைசியில் கேட்கிறேன்.

கறிக்கு ஆ செங் வீட்டில் சொல்லிவைத்தேன், அவன் பன்றிகள் ஆலையில் கழிக்கும் அன்னாசித் தோலைத் தின்று வளர்கிறவை, கொழுப்பிலேயே ஒரு இனிப்பு இருக்கும். நீ எழுதின மிளகாய் இங்கே கிடைக்காது, காய்ந்த மிளகாயை விதை தட்டி வெந்நீரில் ஊறவைத்து, பூண்டு சீரகம் உப்பு வினிகர் சேர்த்து அரைத்து, கறியைக் காகிதம்போல் மெலிசாக வெட்டிப் பிசறி வைத்தேன். அன்னாசியைப் பொடியாக நறுக்கிக் கடைசியில் கல்லில் போட்டுப் புரட்டினது என் யோசனை, நீ எழுதவில்லை, ஆனால் இந்த ஊரில் அன்னாசி இல்லாமல் எதைச் செய்வது. ரொட்டி தட்ட மரப் பலகை சரிவரவில்லை, இரண்டு வாழையிலைக்கு நடுவில் உருண்டையை வைத்து மேலே துரையின் இஸ்திரிப் பெட்டியைக் கரி போடாமல் வைத்து அழுத்தினேன், வட்டமாக வந்தது. துரையின் சட்டை அன்றைக்குச் சோள வாசனை அடித்தது. தோசைக்கல்லில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் காட்டி, கறியை அதிலேயே சுருள வதக்கி, ரொட்டிக்குள் வைத்து, பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சையைப் பிழிந்து மடித்துக் கொடுத்தால் முதல் கடியிலேயே உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நீ எழுதின ஒரு வரிதான் என் மனதில் தைத்தது. இதற்குத் தட்டு கிடையாது, செய்கிறவர் கையிலிருந்து தின்கிறவர் கைக்கு நேராகப் போகவேண்டும், கீழே வைத்தால் பிரிந்து போகும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் அவர்களைச் சோதித்துப் பார்க்க எனக்கு வழி தெரிந்துவிட்டது.

பாஸ்குத் திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்களைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் ஒருசந்தியும் கிடையாது, கறியை விலக்கும் சுத்தபோசனமும் கிடையாது. பன்றிக்கறி ஆகுமா என்று உபதேசியாரை விட்டு முன்கூட்டியே கேட்டேன், ஆகாது என்று சொல்லியிருந்தால் கோழி வாங்கியிருப்பேன். பையன் சனிக்கிழமை தவறாமல் சீனன் கடையில் பன்றி வறுவல் வாங்குகிறவன் என்று சந்தோஷமாகப் பதில் வந்தது. அவர்கள் சாக்குச் சொல்லித் தப்பிக்கிற எல்லா வாசலையும் இப்படிச் சாத்திவிட்டுத்தான் அடுப்பை வாசலில் மூட்டினேன். உன் அம்மா வீட்டில் இருந்த அன்னாசிகளில் ஒன்றைக்கூட முழுசாக விடாமல் காலையிலேயே எல்லாவற்றையும் வெட்டிவைத்துவிட்டாள், அதிலிருந்து அவளுக்கும் என் சந்தேகம் உண்டு என்று தெரிந்துகொண்டேன். டொரத்திக்கு மட்டும் தெரியாது. அவள் பூசை முடிந்து வந்து நீலப் பாவாடையைக் கூட மாற்றாமல் மாவு உருட்ட உட்கார்ந்தாள், என்னைத் தட்ட விடவில்லை, அப்பா நீங்க ஓரத்தத் தடிமனா விட்டுடுறீங்க என்று சொல்லி அவளே தட்டினாள்.

வந்து உட்கார்ந்தார்கள். முதல் ரொட்டியை மடித்து நானே எழுந்துபோய்ப் பையனின் அம்மாவுக்கு நீட்டினேன். தட்டுல வையுங்களேன் என்றாள். தட்டில் வைத்தால் பிரிந்துபோகுமம்மா, இதைக் கையில்தான் வாங்கவேண்டும், அந்த ஊர் வழக்கம் என்றேன். அடுப்புச் சூடு எனக்கு ஒத்துக்காதுங்க, கொஞ்சம் ஆறட்டும் என்றாள். அவள் புருஷனிடம் நீட்டினேன், நீ மொதல்ல புள்ளைக்குக் குடுப்பா என்றார், அதற்கு முன் என்னை நீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அதற்குள் வேலி தாண்டி வந்த வெள்ளையம்மா, பெரியவரே எனக்குப் பன்னி ஆவாது, குலசாமிக்கு நேந்திருக்கேன், வெறும் ரொட்டியில அன்னாசிய வச்சுக் குடுங்க என்று கையை நீட்டினாள், கொடுத்தேன், நின்றபடியே தின்றாள். பார், அவளுக்குக் கறி ஆகவில்லை, கை ஆயிற்று. இவர்களுக்குக் கறி ஆகும், கை ஆகவில்லை. அவர்களோடு வந்திருந்த உபதேசியாருக்கு ஒன்று கொடுத்தேன், மனிதர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருடினவன்போல் மென்றார். அப்போது அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒண்ணு செய்யுங்க, மாவையும் பச்சக் கறியையும் தனியா ஒரு பாத்திரத்துல போட்டுக் குடுத்துடுங்க, நாங்க வீட்டுல போய்ச் சூடாச் சுட்டுக்கிறோம் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், உதவி செய்கிற மாதிரி. அடுப்புச் சூடு ஒத்துக்கொள்ளாதவள் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவாளாம். முழுப் பழம் வாங்கின அதே கை. நம் கை பட்ட கறியாக இருந்தாலும் தன் நெருப்பில் சுட்டுக்கொண்டால் தீட்டு போய்விடும்.

எனக்கு வாயில் வந்ததை நான் சொல்லியிருப்பேன், டொரத்தி முந்திக்கொண்டாள். அவள் ஒரு ரொட்டியை நிறையக் கறி வைத்து மடித்து எழுந்துபோய் இன்னாசிக்கு நீட்டினாள். அவன் வாங்கினான். அதை மறைக்கமாட்டேன், கை நீட்டி வாங்கினான், வாங்கும்போது அவன் முகத்தில் சந்தோஷம்கூட இருந்தது. அவன் அம்மா, இன்னாசி என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் கை பாதி வழியில் நின்றுபோனது. தின்னவும் இல்லை, வைக்கவும் இல்லை. கொழுப்பு வழிந்து மணிக்கட்டில் இறங்கி வெள்ளைக் கோட்டின் கைக்குள் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், கல்லில் இருந்த கறி கருகிக்கொண்டிருந்தது, யாரும் அதை எடுக்கவில்லை. டொரத்தி அவனுக்கு எதிரில் நின்றுகொண்டே இருந்தாள். அவனுக்கு அவள் கொடுத்த நேரம் மிக அதிகம், நானாக இருந்தால் அதில் பாதி கொடுத்திருக்கமாட்டேன். பிறகு, ஆறிப்போச்சு, குடுங்க என்று சொல்லி அவன் கையிலிருந்து அதை வாங்கி, அவன் முன்னாலேயே, அவசரமில்லாமல், கடைசித் துண்டுவரை தின்றாள். விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, உன் அம்மாவைப் பார்த்து, அம்மா கறி கருகுது பாருங்க என்றாள். அவர்கள் எழுந்தார்கள். போகும்போது பையனின் அப்பா என்னை வேலியோரம் தனியாகக் கூப்பிட்டார், மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று பைத்தியக்காரன்போல் நினைத்தேன். புள்ளைக்கு அந்த ரெண்டாங் கிராணி வேல விஷயத்த மட்டும் மறந்துடாதீங்க கிரகோரி, தொரைகிட்ட ஒரு வார்த்த என்றார்.

நான் சந்தேகப்பட்டது அத்தனையும் சரியாகப் போனது, மகனே, ஆனால் அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை. உபதேசியார் இப்போது ஊரெல்லாம், கிரகோரி வந்த சம்பந்தத்தை வாசலில் நிறுத்திப் பன்றியைக் காட்டி விரட்டினான் என்று சொல்கிறார். அது கிடக்கட்டும். டொரத்தி அழவில்லை என்று எழுதினால் பொய். மறுநாள் ஆலைக்குப் போகுமுன் என்னிடம் வந்து, அப்பா, நான் அவருக்குத் திங்கக் குடுக்கணும்னு சுட்டேன், நீங்க அவங்களப் பொறி வச்சுப் புடிக்கணும்னு சுட்டீங்க, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல என்றாள். சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே என்றேன். இதையேதான் செஞ்சிருப்பேன், ஆனா தெரிஞ்சு செஞ்சிருப்பேன் என்றாள். மீதி மாவைப் பங்களாவுக்கு எடுத்துப்போய்த் துரைக்குச் செய்து கொடுத்தேன், கை நீட்டி வாங்கி நாலு தின்றான், இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். துரை உயர்ந்தவன் என்று நினைத்துவிடாதே. அவனுக்கு என் கை ஆகும், நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் ஆகாது. ஒருவன் கையைத் தள்ளுகிறான், இன்னொருவன் கையை மட்டும் எடுத்துக்கொண்டு மனிதனை வாசலில் நிறுத்துகிறான், இரண்டு பேருக்கும் நடுவில் நான் முட்டை பொரிக்கிறேன். இரண்டாம் கிராணி வேலையைப் பற்றித் துரை கேட்டான். எனக்கு யாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இனி உன் விஷயம். இந்த ரொட்டியை உனக்குக் கற்றுக்கொடுத்தது கடைக்காரக் கிழவி என்று எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை. மடிப்பது தப்பானால் அகப்பையால் கையில் அடித்துவிட்டுச் சிரிப்பாள் என்று எழுதியிருக்கிறாய், ஒரு கிழவி சிரித்ததை எந்தப் பையனும் கடல் தாண்டி எழுதமாட்டான். மாவு வீட்டிலேயே தயாராக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறாய், எந்த வீட்டில். நீ அனுப்பின படத்தில் உன் சட்டையில் பித்தான் எல்லாம் இருக்கிறது, உன்னைப் பெற்றவள் அதை முதலில் பார்த்துச் சொன்னாள். ஆகையால் உன்னோடு ஒரு பெண் இருப்பதை ஒளிக்காதே. உன் போன கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் நாக்கில் வந்த கேள்வி அவள் வீட்டார் என்ன ஆட்கள் என்பதுதான். வாசலில் அடுப்பு மூட்டி அத்தனையும் பார்த்த பிறகும் அதுதான் வந்தது. அந்தக் கேள்வி என் வாய்க்குள்ளும் குடியிருக்கிறது என்று தெரிந்து எனக்கே வெட்கமாகப் போயிற்று, அதை நான் கேட்கவில்லை, உன் அம்மாவையும் கேட்க விடவில்லை. நான் கேட்பது இது ஒன்றுதான். நீ அவளை இங்கே கூட்டிவந்தால் எங்கள் கையிலிருந்து அவள் வாங்கிச் சாப்பிடுவாளா. அவள் கையிலிருந்து நாங்கள் வாங்கிச் சாப்பிடுவோம், அதை இப்போதே எழுதித் தருகிறேன்.

குளிர் நாளில் நெஞ்சில் கம்பளி இல்லாமல் துறைமுகத்துப் பக்கம் போகாதே, ஞாயிறு பூசையை விடாதே, போலீஸ்காரன் பெயர் கேட்டால் மரியாதையாகப் பேசு ஆனால் அதிகம் பேசாதே. ஆண்டவரும் தேவமாதாவும் உன்னையும் உன் பக்கத்தில் இருப்பவளையும் காக்கட்டும், உன் அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். டொரத்தி ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள், மடிக்கும்போது ரொட்டியின் ஓரம் கிழியாமல் இருக்க என்ன செய்யவேண்டும். மறக்காமல் கேட்டு எழுது. கிழவியிடம் கேட்காதே, அவளிடம் கேள்.

இப்படிக்கு,
உன்னை நம்பக் காத்திருக்கும் அப்பா
கிரகோரி